மூன்று மணி நேரம் என்றார்கள்

தன் ஊழியர்களைப் பார்த்து ஓர் அரசாங்கம் சொல்கிறது: அலுவலகக் கணினியில் எதையும் சேமிக்காதீர்கள், எல்லாக் கோப்புகளையும் அரசு கிளவுடில் போடுங்கள். ஏழு ஆண்டுகள் ஊழியர்கள் சொன்னபடி செய்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தக் கிளவுட் எரிந்துபோகிறது. நகல் எங்கே என்று கேட்டால், நகல் எடுக்கவில்லை என்று அதே அரசாங்கம் கையை விரிக்கிறது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26ஆம் தேதி நடந்தது இது. மின்னாளுகையில் உலகுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த நாட்டில் நடந்தது என்பதால், இதை விபத்துக் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியாது.

டேஜியோன் நகரில் தேசியத் தகவல் வள மையம் இருக்கிறது. மத்திய அரசின் நூற்றுக்கணக்கான மென்பொருள் அமைப்புகள் அங்கே ஓடுகின்றன. அதன் ஐந்தாம் தளத்துச் சர்வர் அறையில், மின்சாரம் நின்றால் கைகொடுக்க வேண்டிய யுபிஎஸ் பேட்டரிகள் 384 இருந்தன. 2014இல் பொருத்தியவை, பத்தாண்டு உத்தரவாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அவற்றைச் சர்வர்களிடமிருந்து பிரித்துக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, இரவு எட்டேகால் மணி வாக்கில் ஒன்று தீப்பிடித்தது. லித்தியம் அயன் பேட்டரித் தீ லேசில் அடங்காது. அணைந்ததுபோல் தோன்றி மறுபடியும் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் சர்வர்கள் என்பதால் தண்ணீரைத் தாராளமாக அடிக்கவும் வழியில்லை. முழுதாக அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று.

647 அமைப்புகள் முடங்கின என்று முதலில் அறிவித்தார்கள். இவற்றில் தீ நேரடியாகத் தின்றது 96ஐத்தான். மற்றவற்றின் மேல் ஒரு தீப்பொறிகூட விழவில்லை. குளிரூட்டும் கருவிகள் நின்றுபோனதால், சர்வர்கள் சூடேறிக் கெட்டுவிடும் என்று அஞ்சி அவற்றையெல்லாம் தாங்களே அணைத்தார்கள். அதாவது ஒரு தளத்தில் பற்றிய தீ, ஒரு தேசத்தின் நிர்வாகத்தையே நிறுத்தியது. மின்சாரமும் குளிரூட்டலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தன. அந்தப் பொது முடிச்சு அவிழ்ந்ததும் எல்லாம் சரிந்தன. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே கற்றுத்தரும் பாடம் இது. ஓர் அமைப்பு எங்கே ஒட்டுமொத்தமாக விழும் என்று பார், அந்த இடத்தை இரண்டாக்கு என்பார்கள். அரசின் வரைபடத்தில் அந்த இடம் ஒரு முழுக் கட்டடமாக இருந்தது. யாரும் அதை இரண்டாக்கவில்லை.

சூசோக் அறுவடைத் திருநாளுக்கு இன்னும் பத்து நாட்கள்தான். ஊருக்குப் பரிசுப் பொட்டலங்கள் அனுப்பும் காலம். அஞ்சல் துறையின் அமைப்பு நின்றது. அஞ்சலக வங்கிப் பணி நின்றது. கைபேசி அடையாள அட்டை திறக்கவில்லை. அரசுச் சான்றிதழ்களுக்கான பொது நுழைவாயில் மூடிக்கிடந்தது. எரிமேடைக்கு இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதியும் போயிற்று. சாவு நேர்ந்த குடும்பத்தார், ஒவ்வொரு மயானத்துக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசி இடம் கேட்க வேண்டிய நிலை. ஒரு வாரம் கழிந்தும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமைப்புகள் எழுந்திருக்கவில்லை.

சேவைகள் முடங்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாமதமானாலும் அவை திரும்பி வரும். திரும்பியே வராதது ஜி டிரைவ். 2018இல் தொடங்கிய இந்த அரசுச் சேமிப்பகத்தில் ஒவ்வோர் ஊழியருக்கும் 30 ஜிபி இடம் கொடுத்தார்கள். வேலை தொடர்பான எல்லாக் கோப்புகளையும் கணினியில் வைக்காமல் இங்கேயே வைக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறி. சேர்ந்தது 858 டெராபைட். எரிந்த 96 அமைப்புகளில் இதுவும் ஒன்று. வெளியே எங்கும் நகல் இல்லை. பணியாளர் மேலாண்மை அமைச்சகம் ஒரு கோப்பு விடாமல் ஜி டிரைவிலேயே வைத்திருந்தது. சொல் கேட்டு ஒழுங்காக நடந்துகொண்ட அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. அங்குள்ள ஊழியர்கள் பழைய மின்னஞ்சல் இணைப்புகளையும், கணினி மூலையில் தப்பிக் கிடந்த கோப்புகளையும், அச்செடுத்த தாள்களையும் தேடிப் பொறுக்கி வேலையை மீட்டெடுக்க முயன்றார்கள். உத்தரவை மதிக்காமல் பென் டிரைவில் கள்ள நகல் வைத்திருந்தவர் யாராவது இருந்தால் அவர் பிழைத்தார். இப்படி ஒரு தண்டனையை நேர்மையான ஊழியருக்குக் கொடுத்த அமைப்பை வடிவமைத்தவர்களை என்ன சொல்வது?

நகல் ஏன் இல்லை என்பதற்கு அரசு சொன்ன விளக்கம்தான் நம்மை அதிகம் கொதிக்க வைக்கிறது. கொள்ளளவு மிகப் பெரிதாம். வேகம் குறைந்த சேமிப்பு அமைப்பாம். ஆகவே வெளியில் பேக்கப் வைக்க இயலவில்லையாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று கடைகளில் கிடைக்கும் எல்டிஓ 9 வகைக் காந்த நாடா ஒன்றில், சுருக்காமலே 18 டெராபைட் பதியலாம். 858ஐ 18ஆல் வகுத்தால் 48 நாடாக்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள் அவை. நாற்பத்தெட்டையும் ஓர் அலமாரித் தட்டில் அடுக்கிவிடலாம். கம்பி வழியாகவே அனுப்ப வேண்டும் என்றாலும், நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஒரே ஓர் இணைப்பு முழுமூச்சாக ஓடினால் எட்டு நாளில் மொத்தமும் வேறு நகருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதல் தடவைக்குத்தான் எட்டு நாள்; அதற்குப் பிறகு அன்றன்று மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். பழைய சேமிப்பு அமைப்பு மெதுவாகத்தான் படிக்கும் என்கிறார்களா? எட்டு நாள் வேலை எண்பது நாள் ஆகட்டும். அவர்களிடம் ஏழு ஆண்டுகள் இருந்தன.

பெரிது என்பதால் நகல் எடுக்கவில்லை என்பது விளக்கமே அல்ல. எவ்வளவு பெரிதாக வளரும் என்பது முதல் நாளே தெரியும்; தலைக்கு 30 ஜிபி என்று ஒதுக்கியவர்களே அவர்கள்தான். ஓர் அமைப்பை வளரும்படி வடிவமைக்கிறவர், அது வளர வளர அதன் நகலும் கூடவே வளர வழி செய்ய வேண்டும். பயனாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப இடத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போய்ப் பாதுகாப்பை அப்படியே விட்டால், ஒவ்வொரு மாதமும் இழப்பின் அளவைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நகல் எடுக்க முடியாத ஒரு கிடங்கைக் கட்டியவர்களுக்கு, எல்லாரும் அதில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எங்கிருந்து வந்தது?

இது தெரியாமல் நடந்த தவறு அல்ல என்பதற்கு நாட்காட்டியே சாட்சி. 2022 அக்டோபர் 15 அன்று, சியோலுக்குத் தெற்கே பாங்க்யோவில் ஒரு தனியார் தரவு மையத்தில் இதே மாதிரி பேட்டரித் தீ. கொரியர்கள் பேச, பணம் அனுப்ப, வாடகைக் கார் பிடிக்க என்று சகலத்துக்கும் நம்பியிருந்த ககாவோ நிறுவனத்தின் 32,000 சர்வர்கள் அங்கே இருந்தன. முழுதாக மீள 127 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாலாம் நாள் அதன் இணைத் தலைமை அதிகாரி பதவி விலகினார். அதே கட்டடத்தில் நேவர் என்ற இணைய நிறுவனத்துக்கும் சர்வர்கள் இருந்தன. வேலைகளைப் பல இடங்களில் பிரித்து வைத்து, சுன்சியோனில் சொந்தத் தரவு மையமும் வைத்திருந்ததால் அது விரைவில் சமாளித்துக்கொண்டது. ஒரே தீ, ஒரே கட்டடம், இரண்டு வடிவமைப்புகள், இரண்டு விளைவுகள். பாடநூலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ககாவோ பின்னால் ஒப்புக்கொண்ட ஒரு விஷயத்தை நம் மென்பொருள் அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சேவைகளுக்கு மாற்று ஏற்பாடு ஓரளவு இருந்தது. அந்த மாற்றுக்கு வேலையைத் திருப்பிவிடப் பயன்படும் உள் கருவிகளுக்குப் போதிய மாற்று இல்லை. அவையும் எரிந்த கட்டடத்தோடு முடங்கின. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்ற கதை.

அன்று கொரிய அரசாங்கம் என்ன செய்தது? அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ககாவோவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். சரிதான், கேட்க வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்குள் சட்டத்தையும் திருத்தி, பெரிய இணைய நிறுவனங்களுக்கும் தரவு மையங்களுக்கும் பேரிடர்க் கடமைகளை விதித்தார்கள். அந்தச் சட்டத்தின் கை அரசின் சொந்தத் தரவு மையத்தைத் தொடவில்லை. அரசு அமைப்புகள் பத்திரமா என்று கேட்டபோது, தேசியத் தகவல் வள மையத்தின் அன்றைய தலைவர் உறுதி கொடுத்தார்: டேஜியோன் மையம் தீயிலோ நிலநடுக்கத்திலோ ஒட்டுமொத்தமாக அழிந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் மீட்கும்படி ஏற்பாடு இருக்கிறது என்று. எந்தச் சோதனையின் பேரில் அந்த மூன்று மணி நேரம் சொல்லப்பட்டது? யார் அணைத்துப் பார்த்தார்கள்? எந்தத் தேதியில்? இதற்கு இன்றுவரை பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த மையத்துக்கு இருக்கிறது. சோதித்துப் பாராமல் மக்களுக்குக் கொடுத்த உறுதிமொழியைப் பொய் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

அடுத்த ஆண்டே இன்னோர் எச்சரிக்கையும் வந்தது. 2023 நவம்பர் 17 அன்று ஒரு வலையமைப்புக் கருவி கெட்டு, நாடு முழுவதும் உள்ளாட்சி அலுவலகங்களின் நிர்வாக அமைப்பு படுத்தது. மக்கள் சான்றிதழ் வாங்க முடியாமல் திரும்பினார்கள். அப்போதும் ஆய்வு, அறிக்கை, உறுதிமொழி. கோங்ஜு நகரில் ஒரு மாற்றுத் தரவு மையம் கட்டும் திட்டம் 2008இலேயே தொடங்கியது. அந்தக் கட்டடம் 2023இல்தான் எழுந்தது. டேஜியோன் எரிந்த இரவில் அது இன்னும் திறக்கப்படாமல் நின்றுகொண்டிருந்தது.

எரிந்த பிறகு கட்சிகள் ஒன்றையொன்று சுட்டின. ஜி டிரைவ் தொடங்கியது ஓர் ஆட்சியில், மூன்று மணி நேர உறுதி அடுத்த ஆட்சியில், தீ அதற்கடுத்த ஆட்சியில். அதிபர் லீ ஜே மியுங் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அது அவருக்குப் பெருமை. பேட்டரி வேலையில் தொடர்புடைய சிலர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. பேட்டரியைக் கழற்றியவரின் கவனக்குறைவு ஒரு தீயை உண்டாக்கியிருக்கலாம். அந்தத் தீ ஒரு தேசத்தை முடக்கும்படி ஏற்பாடு செய்தது அவரா? திருப்புளி பிடித்த கையைத் தேடுவது சுலபம். திட்ட வரைவில் கையெழுத்திட்ட கையைத் தேடுவதுதான் நிர்வாகம். அதை எந்த ஆட்சியும் விரும்பவில்லை.

இன்னொரு தகவலையும் சொல்லாமல் விட முடியாது. 647 என்ற எண்ணிக்கையே தப்பு. தீ நடந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, 709 என்று திருத்தினார்கள். காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: எந்தெந்த அமைப்புகள் அந்த மையத்தில் ஓடுகின்றன என்ற பட்டியலை வைத்திருந்த மேலாண்மை அமைப்பும் அதே மையத்தில்தான் முடங்கிக் கிடந்தது. அது மீண்டு வந்த பிறகுதான், தங்களிடம் என்ன இருந்தது என்பதே அரசுக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ககாவோ கற்ற அதே பாடத்தை, ககாவோவுக்குப் பாடம் எடுத்தவர்கள் கற்கவில்லை.

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கக் காசு எங்கே என்று ஒரு தரப்பு கேட்கிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எழுநூறு அமைப்புகளையும் இரண்டு நகரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவசர உதவி, அடையாளம், பணப் பரிமாற்றம் போன்றவை ஒரு நகரம் போனாலும் மறு நகரத்தில் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு துறையின் பயிற்சி வகுப்பு அட்டவணை இரண்டு நாள் தாமதமாக வந்தால் குடி முழுகாது. எது எவ்வளவு நேரத்தில் மீள வேண்டும், எத்தனை மணி நேரத் தரவை இழந்தாலும் பரவாயில்லை என்று தரம் பிரிப்பது தொழிலின் அரிச்சுவடி. ஆனால் தரம் பிரிப்பது, நகலே இல்லாமல் விடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. ஓடும் மாற்று அமைப்புக்குச் செலவு அதிகம். வேறு ஊரில் ஒரு நகலுக்குச் செலவு குறைவு. முன்னதைச் சிலவற்றுக்குக் கொடுங்கள், பின்னதை எல்லாவற்றுக்கும் கொடுங்கள் என்கிறோம்.

தனியார் கிளவுட் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை என்று தீக்குப் பிறகு ஒரு பேச்சு எழுந்தது. எரிந்த 96 அமைப்புகளையும் டேகு நகரில் தனியார் பங்கேற்புடன் இயங்கும் கிளவுட் பகுதிக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். நல்லது, ஆனால் இடம் மாறினால் மட்டும் வடிவமைப்பு மாறிவிடாது. டேஜியோன் தீ நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 2025 அக்டோபர் 20 அன்று, அமேசானின் வட வர்ஜீனியா மண்டலத்தில் ஒரு தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் முகவரிப் பதிவைத் தானியங்கி மென்பொருளே வெறுமையாக்கிவிட்டது. அந்த ஒரு மண்டலத்தையே நம்பியிருந்த செயலிகள் உலகெங்கும் மணிக்கணக்கில் படுத்தன. 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் தொகுப்பைக் கூகுள் தவறுதலாக அழித்துவிட்டது. அமைக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால் ஓராண்டில் தானே நீங்கும்படி பதிவாகியிருந்தது. இரண்டு பகுதிகளில் வைத்திருந்தும் இரண்டும் போயின; ஏனென்றால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அந்த நிதியம் தப்பியதற்கு ஒரு காரணம், வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. முன்யோசனை என்றால் அது. கொரிய அரசின் கணினி வல்லுநர்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்காதா என்ன? எட்டியும் ஓராண்டுக்கு மேல் அவர்கள் ஜி டிரைவைத் தொடவில்லை.

நம் வாசகர்களில் பலர் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து வெளிநாட்டு வங்கிகளின் அமைப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். டிஆர் டிரில் (பேரிடர் மீட்பு ஒத்திகை) என்ற பெயரில் பல இடங்களில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை நள்ளிரவு, ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்த நேரம், வம்பில்லாத இரண்டு சர்வர்கள், பிங் போகிறதா என்று ஒரு பார்வை, திங்கட்கிழமை கையெழுத்து. தணிக்கைக்குத் தாள் தயார். அதற்குப் பெயர் சோதனை அல்ல. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008இல் தரவுத்தளம் கெட்டு மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தது. அதன் பிறகு கிளவுடுக்கு மாறியபோது, வேலை நேரத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைக் கண்டபடி அணைக்கும் ஒரு கருவியைத் தானே எழுதித் தன்மேலேயே ஏவிக்கொண்டது. படம் காட்டும் நிறுவனத்துக்கு இருந்த அந்தக் கண்டிப்பு, ஐந்து கோடி மக்களின் அடையாளத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுக்கு ஏன் இல்லை?

கொரிய உள்துறை அமைச்சகமும் தேசியத் தகவல் வள மையமும் செய்தது கடமை தவறிய செயல். அதை வன்மையாகக் கண்டிக்கிறோம். வருத்தம் தெரிவித்ததோடு இது முடியாது. கட்டடத்துக்கு வெளியே நகல் இல்லாத எந்தச் சேமிப்பகத்திலும் வைக்கும்படி எந்த ஊழியரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். ககாவோவுக்கு விதித்த கடமைகளை, விதித்தவர்கள் தங்கள் மீதே சட்டப்படி விதித்துக்கொள்ள வேண்டும். மீறினால் நிறுவனத் தலைவருக்கு நேர்ந்ததே மையத் தலைவருக்கும் நேர வேண்டும். சர்வரும் பேட்டரியும் ஒரே அறையில் இருக்கும் அரசுத் தரவு மையங்கள் எத்தனை மிச்சம் என்று பெயர் சொல்லி வெளியிட வேண்டும். கோங்ஜு மையம் ஏன் இத்தனை ஆண்டுகள் இழுத்தது என்பதற்கு, ஆண்டுவாரியாக, கோப்பு எந்த மேசையில் எவ்வளவு நாள் கிடந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அமைப்பும் எத்தனை மணி நேரத்தில் மீளும் என்ற எண்ணைப் பொதுவில் போட வேண்டும். அதன் பக்கத்தில், கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் போட வேண்டும். தேதி இல்லாத எண்ணை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை.

டேஜியோனின் முக்கிய அமைப்புகளை ஒரு வேலைநாளில், நண்பகலில், பத்திரிகையாளர்களை அழைத்து வைத்துக்கொண்டு அணைத்துக் காட்ட வேண்டும். மூன்று மணி நேரம் என்றார்கள் அல்லவா? கடிகாரத்தோடு வரத் தயாராக இருக்கிறார்கள் மக்கள். அணைக்கும் தேதியை அமைச்சகம் அறிவிக்கட்டும்.